கடிபட்ட படங்கள்

கணவாய்ப் பொரியலில் ஒரு வளையம் கடிபட்டிருந்தது.

ஸுஹைனா கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கொம்பியூட்டர் திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் பொன்னிறமாய் அடுக்கிய வளையங்கள், ஓரத்தில் வெட்டிய தேசிக்காய், மேலே தூவிய வெங்காயத்தாள் என்று எல்லாம் அவள் எழுதிக் கேட்டபடியே வந்திருந்தன. எண்ணெயின் மினுக்கம்கூட அச்சொட்டாய் இருந்தது. ஆனால் உச்சியில் கிடந்த வளையத்தின் ஒரு பக்கத்தை யாரோ கடித்து எடுத்திருந்தார்கள். கடித்த இடத்தில் வெள்ளைச் சதை பிசுபிசுத்துத் தெரிய, அதிலிருந்து மெல்லிய எச்சில் நூல் ஒன்று இறங்கி, நடுவில் ஒரு குமிழோடு பீங்கான் வரைக்கும் தொங்கியது.

அவள் அதைக் கேட்கவில்லை. வேண்டாதவற்றை எழுதும் பெட்டிக்குள் கடித்தது, எச்சில், பாதி தின்றது என்று சேர்த்துவிட்டு மறுபடி ஓடவிட்டாள். திரையில் முதலில் புழுதி மாதிரிப் புள்ளிகள் பறந்தன. பிறகு அவை ஒன்றுகூடிக் கலங்கி, நிறம் பிடித்து, ஒரு நிமிடத்துக்குள் கணவாய் ஆகின. இந்த முறை இரண்டு வளையங்கள் கடிபட்டிருந்தன.

ஜன்னலைச் சாத்தியிருந்தும் வாவியின் வாடை அறைக்குள் வந்துகொண்டிருந்தது. மார்கழி மழை விட்டு இரண்டு கிழமையாகியும் வாவித் தண்ணீர் கடலுக்கு ஓட முகத்துவாரம் வெட்டவில்லை. காத்தான்குடி ஆற்றங்கரை வளவுகளில் ஏறிய தண்ணீர் ஏறினபடியே நின்று, சல்பீனியாக் களையும் செத்த மீனும் அதில் சேர்ந்து அழுகின. வெயில் ஏற ஏற அந்த வாடை கனத்து, தொண்டைக்குள் ஒரு படலமாய்ப் படிந்தது. ஸுஹைனா எச்சிலை விழுங்கிக்கொண்டாள். எச்சிலிலும் அதே வாடை.

இந்த வேலையை அவள் தானாகக் கேட்டு எடுத்தவள். அவளுடைய கணவன் ஸாஜித் ஒன்பது வருடம் தோஹாவில் ஒரு ஹோட்டல் குசினியில் நின்றுவிட்டுப் போன வருடம்தான் ஊரோடு வந்து சேர்ந்தான். தம்பி ஸியாமோடு சேர்ந்து வாவிக்கரை ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை கட்டினான். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு திறப்பு. மெனுப் புத்தகத்துக்கும் வாசல் பலகைக்கும் இருபத்துநாலு சாப்பாட்டின் படம் தேவைப்பட்டது. குசினியிலோ இன்னும் டைல் ஒட்டி முடியவில்லை, அடுப்பும் பூட்டவில்லை. சமைத்துப் படம் எடுக்க வழியில்லை என்று அண்ணனும் தம்பியும் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க, கலியாணக் கார்டும் பேனரும் வீட்டிலிருந்தே டிசைன் செய்து பழகிய ஸுஹைனா, அதை நான் கொம்பியூட்டரிலே செய்து தருகிறேன் என்றாள். ஒன்பது வருடம் ஃபோன் குரலோடு குடும்பம் நடத்தியவளுக்கு, அவனோடு ஒரே வேலையில் கை வைப்பது அதுதான் முதல் தடவை. அன்று முழுக்க அவளுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

எழுத்திலிருந்து படம் செய்யும் மென்பொருளை ஏற்றி எடுக்கவே மூன்று நாள் போனது. ஒரு வசனத்தை எழுதி, பொத்தானை அமர்த்தி, படத்தை எடுக்கிற சங்கதி அல்ல அது. திறந்தால் வெறும் கறுப்புத் திரை. அதில் பெட்டி பெட்டியாய் நாமே வைத்து, ஒரு பெட்டியின் வலப்பக்கத்திலிருந்து அடுத்த பெட்டியின் இடப்பக்கத்துக்கு வயர் இழுக்க வேண்டும். ஒரு பெட்டி படம் செய்யப் பழகிய மொடலைக் கொண்டுவரும். ஒன்றில் வேண்டியதை எழுதலாம், இன்னொன்றில் வேண்டாததை. நடுவில் ஒரு பெட்டி புழுதியைப் படிப்படியாய்ச் சமைத்துப் படமாக்கும், கடைசிப் பெட்டி சேமிக்கும். ஸுஹைனா வீடியோ பார்த்துப் பார்த்து வயர் இழுத்தாள். வந்த புரியாணி பிளாஸ்டிக் விளையாட்டுச் சாமான் மாதிரி இருந்தது.

பிறகுதான் ஓர் இணையக் குழுவில், யாரோ ஒருவர் போட்டிருந்த பொரித்த கோழிப் படம் கண்ணில் பட்டது. பார்த்தவுடன் வாயூறியது. இந்தப் படத்தை இழுத்து உங்கள் திரையில் போட்டால் இதன் வயர் வேலை முழுக்க அப்படியே விரியும் என்று கீழே எழுதியிருந்தார்கள். போட்டாள். நாற்பது பெட்டிகள் வலை வீசினாற்போல் விரிந்து விழுந்தன. பாதி சிவப்பாய் இருந்தன. அவளுடைய கொம்பியூட்டரில் இல்லாதவை அவை. ஒவ்வொன்றாய் டவுன்லோட் பண்ணி, நிறுத்தி, திரும்ப ஓடவிட, சிவப்புகள் ஒவ்வொன்றாய் மறைந்தன.

ஒரேயொரு பெட்டிதான் விளங்காமல் நின்றது. சாம்பல் நிறம். தலையில் பெயர் இல்லை. உள்ளே எழுதவோ மாற்றவோ ஒன்றும் இல்லை. இடப்பக்கத்தில் வயர் கொழுவ ஓட்டையே இல்லை. வலப்பக்கத்திலிருந்து மட்டும் ஒரு வயர் புறப்பட்டு, மற்றப் பெட்டிகளுக்கு அடியால் ஊர்ந்துபோய்ச் சமைக்கும் பெட்டிக்குள் நுழைந்தது. இது என்ன பெட்டி என்று கோழிப் படம் போட்டவரிடம் கேட்கத் தேடினாள். அந்தக் கணக்கே இல்லை. சரி, வேலை நடந்தால் போதும் என்று விட்டுவிட்டாள்.

முதல் படம் இறால். ஸாஜித் பின்னால் நின்று பார்த்துத் தொண்டையை ஏற்றி இறக்கினான்.

"நான் சமைச்சாலும் இப்பிடி வராது புள்ள," என்றான்.

அந்தச் சொல்லிலேயே அவள் இரண்டு நாள் மிதந்தாள். கணவாய்ப் படம் வந்த பிறகு எடுத்துப் பார்த்தபோதுதான், அந்த இறாலிலும் ஒரு வால் கடிபட்டிருந்தது தெரிந்தது.

அதன் பிறகு வந்த படங்களில் கடிபடாத படம் ஒன்றுமில்லை. நண்டுக் கறியில் கால் ஒன்று உடைந்து, உள்ளிருந்த சதை உறிஞ்சப்பட்டுக் கிடந்தது. வட்டிலப்ப இனிப்பின் மூலையில் பல் பதிந்து, பாணி அதற்குள் வடிந்து நின்றது. பாபத் பிரட்டலில், சாதாரண நாளிலேயே ஈரத் துவாய் மாதிரித் தெரியும் அந்தக் குடற்சதையில், கடித்து மென்று திரும்பத் துப்பிய ஒரு துண்டு எச்சில் நுரையோடு மேலாகவே கிடந்தது. அதைப் பார்த்தபோது அவளுக்கு ஓங்காளித்தது. ஆனால் அதே நேரம் வாயும் ஊறியது. இரண்டும் ஒன்றாய் நடந்ததுதான் அவளுக்கு அருவருப்பாய் இருந்தது. எழும்பிப் போய் முகம் கழுவினாள்.

ஸியாம் பார்த்துவிட்டுச் சிரித்தான். அண்ணன் மனைவியைக் காட்டி, மச்சி படத்தைச் செய்துபோட்டு ருசி பார்க்கிறா என்றான். பிறகு குனிந்து, புரியாணிச் சோற்றோடு கிடந்த கோழித்துண்டில் விரலை வைத்து எதையோ அளந்தவனுடைய சிரிப்பு குறைந்தது. ஒரு சோற்றுப் பருக்கையின் நீளத்துக்குள் நாலு பல்லின் தடம் இருந்தது. பால்பல்லாய் இருந்தாலும் இவ்வளவு சின்னதாய் இராதே என்றான்.

அந்தப் பெயரில்லாத பெட்டியை விலக்கிவிட்டு ஓடவிட்டுப் பார்த்தாள். கடி இல்லை. படத்தில் உயிரும் இல்லை. மெழுகில் செய்த மீன், மெழுகில் செய்த சோறு. ஸாஜித் தலையை ஆட்டினான். திறப்புக்கு நாலு நாள்தான் இருக்கிறது, பழையபடியே செய், கடித்த இடத்தை மட்டும் கையால் அழித்துத் திருத்து என்று சொல்லிவிட்டுப் போனான். அவள் பெட்டியைத் திரும்பக் கொழுவினாள்.

அதற்குள் அவளுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிருந்தது. பசி இருந்தது, ருசிதான் இல்லை. ஒரு பிடி சோற்றை வாயில் வைத்தால், மெல்லத் தொடங்குமுன்னே அது கூழாகியிருந்தது. உறைப்பும் புளிப்பும் யாரோ உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தந்தாற்போல் சப்பென்று கிடந்தது. திங்கட்கிழமைப் பகல், பொரித்த கொடுவா மீனில் முள் தட்டுப்பட்டு, மென்றதை வெளியே எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து முள்ளைத் தேடினாள். மீன் துண்டின் ஒரு பக்கத்தில் அவளுடைய பல் பதிந்திருந்தது. மறுபக்கத்தில், தொண்டைப் பக்கமாய்க் கிடந்த பக்கத்தில், வரிசையாய்ச் சின்னச் சின்னத் தடங்கள். ஊசியால் குத்தினாற்போல், பிறைபோல் வளைந்து.

அவள் பீங்கானை அப்படியே கொண்டுபோய்க் குப்பையில் கொட்டினாள். பல் விளக்கினாள். திரும்பவும் விளக்கினாள். துப்பியதில் மஞ்சள் கலந்திருந்தது. அன்று மீனுக்கு மஞ்சள் போட்டவள்தான், அதனால் இருக்கும் என்று தனக்குத்தானே சொன்னாள். வாயைக் கையால் பொத்தி ஊதி மணந்து பார்த்தாள். சேறு. வாவியின் அடிச் சேறு. பக்கத்தில் இருந்து கதைக்கும்போது ஸாஜித் முகத்தை ஒரு பக்கம் கிறுக்கித் திருப்பிக்கொள்வதை அவள் மூன்று நாளாய்க் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அவளை அதிகம் கூச வைத்தது.

செவ்வாய் காலை டவுனுக்குப் போய் ஒரு பல் டொக்டரிடம் காட்டினாள். அந்த அம்மா கண்ணாடிக் கரண்டியை உள்ளே விட்டு நெடுநேரம் பார்த்தார். பல்லெல்லாம் நல்லாய்த்தான் இருக்கிறது என்றார். பிறகு நாக்கைத் துணியால் பிடித்துத் தூக்கிப் பார்த்தவர், விளக்கை இன்னும் கிட்ட இழுத்தார்.

"நித்திரையில நாக்கக் கடிக்கிறனீங்களா?"

ஸுஹைனா இல்லையென்று கையால் காட்டினாள்.

"கடிச்ச காயமாத்தான் இருக்குது. ஆனா இது நாக்குக்குக் கீழ, அடியில இருக்கே. உங்கட பல்லு இந்த இடத்துக்கு எட்டாதே."

வாய் கொப்பளிக்க ஒரு மருந்து எழுதித் தந்தார். பஸ்ஸில் வரும்போது கல்லடிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. அவள் வாயைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே கொம்பியூட்டருக்கு முன்னால் போய் இருந்தாள். பெயரில்லாத பெட்டி எதை அனுப்புகிறது என்று பார்க்க ஒரு வழி இருந்தது. அதை ஏன் முதலே செய்யவில்லை என்று அவளுக்கே விளங்கவில்லை. வயரில் என்ன ஓடுகிறதோ அதை அப்படியே படமாய்க் காட்டும் ஒரு பெட்டியை எடுத்து, சாம்பல் பெட்டியின் பக்கத்தில் வைத்து, வயரை இழுத்துக் கொழுவினாள். ஒவ்வொரு தடவையும் அமர்த்தத் தேவையில்லாமல், நிறுத்தும்வரை தானே திரும்பத் திரும்ப ஓடும்படி மாற்றினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

புழுதி பறந்தது. கூடியது. இருண்ட சிவப்பாய் ஒரு படம் வந்தது.

வேறொன்றும் தெரியவில்லை. ஈரமான ஏதோ மடிப்பு மடிப்பாய்க் கிடந்தது. அடுத்த படமும் அதேதான். அதற்கடுத்ததும். நண்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்லிக் கேட்டது. காலையில் இருந்து ஒன்றும் தின்னாததில் தலை சுற்றியது. மேசையில் கிடந்த றஸ்க் ஒன்றை எடுத்துத் தேத்தண்ணியில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோனாள். அந்த நேரத்தில் வந்த படத்தில் வெளிச்சம் இருந்தது.

கீழே, சேற்றில் கிடக்கும் அட்டை மாதிரி, வெள்ளை பூத்த சொரசொரப்பான ஒரு சதைமேடு. மேலே வரி வரியாய் வளைந்த கூரை. இரண்டுக்கும் இடையில், தூரத்தில், மேலும் கீழுமாய் இரண்டு வேலி. வேலிக்கு அப்பால் வெளிச்சம், அந்த வெளிச்சத்துக்குள் பழுப்பாய், பெரிதாய் ஏதோ வந்துகொண்டிருந்தது.

அவளுக்கு அது வேலியல்ல, பல் என்று தெரிய நேரமெடுத்தது. பல்லின் பின்பக்கத்தை யார்தான் பார்த்திருக்கிறார்கள்? இடுக்குகளில் மஞ்சளாய்ப் பிசின் படிந்திருந்தது. ஓரிடத்தில் மீன் நார் ஒன்று சிக்கிக் கிடந்தது.

அவள் மென்றாள். படம் இருண்டது. விழுங்கினாள். அடுத்த படத்தில், இருட்டுக்குள், நனைந்த றஸ்க்கின் குவியல் ஒன்றும் அதன் ஓரத்தில் ஒரு கடியும் இருந்தன.

கமராவாய் இருக்கும் என்று நினைத்தாள். அந்தக் கொம்பியூட்டரில் கமரா இல்லை என்பது அவளுக்குத் தெரியும், ஆனாலும் மேசைக்குப் பின்னால் போய் ஒவ்வொரு வயராய்த் தொட்டுப் பார்த்தாள். ஃபோனை எடுத்து நிறுத்தி அடுத்த அறையில் வைத்துவிட்டு வந்தாள். கதிரையில் இருந்து, உதடுகளை இறுக மூடிக்கொண்டாள்.

இருட்டு. அடுத்த படம், இருட்டு.

வாயைத் திறந்தாள்.

வெளிச்சம். பல்வரிசைக்கு அப்பால் மேசை. மேசையில் கோப்பை. அதற்குப் பின்னால் திரை, திரைக்குள் பெட்டிகள், பெட்டிகளுக்கு நடுவில் சின்னதாய் இதே படம்.

கையைத் தூக்கினாள். வாய்க்கு முன்னால் மூன்று விரலை நீட்டினாள்.

படத்தில் மூன்று விரல்.

அவள் வாயை மூடினாள். இரண்டு கையாலும் பொத்தினாள். மூக்கால் மட்டும் மூச்சு வந்து போனது. இத்தனை நாளாய் அவளுக்கு எச்சில் ஊறிய போதெல்லாம் அது யாருக்காக ஊறியது? அவள் வாயில் வைத்த ஒவ்வொரு பிடியையும் யார் முதலில் தின்றது? நாக்கை அசைக்கப் பயந்தாள். நாக்கு ஏதேனும் ஒன்றின் மேல் படலாம். நாக்குக்குக் கீழே இளஞ்சூடாய் ஒன்று இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. துப்ப வேண்டும். துப்புவதானால் திறக்க வேண்டும்.

ஒரு கையால் மவுஸைப் பிடித்துச் சாம்பல் பெட்டியை அழித்தாள். பெட்டி போனது. அதன் வயர் போனது. படம் காட்டும் பெட்டி மட்டும் ஒன்றோடும் கொழுவாமல் தனியே நின்றது.

புழுதி பறந்தது. கூடியது.

இருட்டு. சிவப்பு. மடிப்பு.

அது இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

வாசலில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஸாஜித் படிகளில் ஏறி வருகிற சத்தம். படங்களை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போக வந்திருந்தான். அவன் கதவைத் திறந்தபோது அவள் வாயைப் பொத்தியபடி எழும்பி நின்றாள். திரையைச் சுட்டிக் காட்டினாள். அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். கறுப்பும் சிவப்புமாய் ஒரு சதுரம். அதில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவனுடைய பார்வை மனைவியின் முகத்துக்கே திரும்பியது. கண்ணால் நீர் வடிந்துகொண்டிருந்தது.

பல் வருத்தமா என்று கேட்டான். டொக்டர் என்ன சொன்னா என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள், இல்லையென்று, வேண்டாமென்று. அவன் கிட்ட வந்தான். மூன்று நாளாய் முகத்தைக் கிறுக்கிக்கொண்டவன் இப்போது கிறுக்கவில்லை. அவளுடைய கைகளை மெதுவாய் விலக்கி இறக்கினான். அவள் பின்னுக்கு நகர்ந்தாள். சுவர் இடித்தது.

"என்னட்டக் காட்டாம நீ ஆருக்கிட்டக் காட்டப்போறா?" என்றான்.

பிள்ளைக்கு மருந்து பருக்குகிற மாதிரி அவளுடைய இரண்டு கன்னத்தையும் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் பிடித்து அமர்த்தினான். மற்றக் கையால் ஃபோன் விளக்கை எரியவிட்டு உயர்த்தினான். அவள் பற்களை இறுக்கினாள். அவனுடைய விரல் அமர்ந்தது. நோவில் தாடை தளர்ந்தது.

வாய் திறந்தது.

அவனுடைய தோளுக்கு மேலால் அவளுக்குத் திரை தெரிந்தது. புழுதி பறந்தது. கூடியது. நிறம் பிடித்தது. ஸாஜித்தின் முகம் படம் முழுக்க நிறைந்து வந்தது, கவலையோடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, மிகக் கிட்டத்தில். அதற்கு முன்னால் அவளுடைய கீழ்ப்பல் வரிசை. அந்த வரிசையின் மேல், உள்பக்கமிருந்து, ஜன்னல் கட்டையைப் பிடிக்கிற மாதிரி நாலு விரல். எறும்பின் நீளம். நகங்களில் கறி மஞ்சள் ஏறியிருந்தது.

"இன்னும் கொஞ்சம் ஆவெண்டு திற புள்ள," என்று சொல்லி அவன் குனிந்தான்.

அடுத்த படத்தில் எட்டு விரல்.

அவளுடைய நாக்கின் மேல் இரண்டு முழங்கால்கள் ஊன்றின.